சாம்பிராணி மணத்த லொறி

இரண்டாயிரத்து நான்கு, ஐந்து இருக்கும். வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி மேலே ஏறிப் போனால் வருகிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. அப்போது நான் கொழும்புப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் சரக்குப் போக்குவரத்தும் கப்பல்துறை முகாமைத்துவமும் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வருடம்.

இந்தப் படிப்பு என்னவென்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருவருக்கும் விளங்க வைக்க என்னால் முடியவில்லை. டீச்சர், நர்ஸ் என்றால் ஒரே சொல்லில் முடிந்துவிடும். இவர்கள் "கப்பல்" என்ற ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். லீவுக்கு வந்து பையைக் கீழே வைக்கும் முன்பே "கப்பல்காரி வந்துட்டா" என்று சத்தம் கேட்கும். பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த மாமா, "ஏம்மா, வளைவுல கப்பலுக்கு ஹோர்ன் அடிப்பாங்களா?" என்று ரொம்பவும் அக்கறையாகக் கேட்பார். உண்மையைச் சொன்னால், பல்கலைக்கழகம் போகும் வரைக்கும் நான் கடலையே கண்ணால் பார்த்ததில்லை.

வீட்டில் அம்மாவும் நானும்தான். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே தவறிவிட்டார். அம்மா பல வருடம் மலையில் கொழுந்து எடுத்தவர். ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்து முழங்கால் போனபிறகு, கெஞ்சிக் கூத்தாடி ஸ்டோரில் வேலை வாங்கினார். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அரைத்துச் சலித்த தூளைக் கடதாசி மூட்டைகளில் நிரப்புகிற இடத்தில் அம்மாவுக்கு வேலை.

அந்த இடத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தலையில் பூ வைக்கக்கூடாது. பவுடர் போடக்கூடாது. வாசனை சோப், நெற்றியில் தைலம், எதுவும் கூடாது. தேயிலைத் தூள் பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் இழுத்துக்கொள்ளும், பிறகு எந்த வித்தை காட்டினாலும் போகாது. மற்றப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமையாவது பூ வைப்பார்கள். அம்மா அதுவும் இல்லை. கோயில் திருவிழாவில்கூட வெறும் தலையோடு நிற்பார்.

எனக்குப் பல்கலைக்கழக உதவிப்பணம் முதல் முறை கிடைத்தபோது அம்மாவுக்கு ஒரு சந்தன சோப் வாங்கிக்கொண்டு போனேன். முகர்ந்து பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு. அப்படியே பழைய சேலையில் சுற்றி டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார். "வெள்ளன வேலைக்குப் போவணும் பாப்பா, ஒட்டிக்கிட்டே இருக்கும்" என்றார். எனக்குச் சுருக்கென்று வந்தது. ஒரு சோப்புக்கு இவ்வளவு பயமா என்று அன்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வருடத்தில் ஒரு ஆய்வறிக்கை செய்யவேண்டும். ஏதாவது ஒரு சரக்கு ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகிற வழியில் எங்கே வீண் நடக்கிறது என்று கண்டுபிடித்து, முடிந்தால் அதை மாற்றிச் செய்தும் காட்டவேண்டும். இது தேறாவிட்டால் ஒரு வருடம் போய்விடும். வண்டி வெறுமனே ஓடுவதுதான் எங்கள் துறையில் பெரிய பாவம். எனக்குச் சட்டென்று எங்கள் ஸ்டோர் ஞாபகம் வந்தது. தூள் ஏற்ற வருகிற லொறி கொழும்பிலிருந்து இவ்வளவு மலையும் வெறும் லொறியாகத்தானே ஏறி வருகிறது! வரும்போது பக்கத்து டவுனான தலவாக்கலையின் கடைகளுக்குச் சாமான் ஏற்றி வந்தால் என்ன?

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். என் கணக்கையெல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சரி பிள்ளை, ஒருக்காச் செய்து பாப்பம்" என்றார். லொறிக்காரருக்கும் சந்தோஷம். தூரம், பாரம், நேரம், டீசல் என்று நான் அட்டவணை போட்டேன். வரும்போது ஏற்றும் சாமான் என்ன என்ற இடத்தில் "பொதுச் சரக்கு" என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதினேன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

அந்த நாளும் வந்தது. காலை பத்து மணி, நல்ல பனிமூட்டம். நான் எழுதியிருந்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பாகவே லொறி வளைவில் திரும்பி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. லொறியின் பின்கதவைத் திறந்ததும் சாம்பிராணி வாசம் கும்மென்று வந்தது. சிங்கள டிரைவர், நல்ல மனுஷன், தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல, தெரிந்த தமிழில், "நங்கி, ஆத்துல நல்லா கழுவினது. சாம்பிராணியும் போட்டது" என்றார். முதல் நாள் வேலைக்கு மங்களகரமாக இருக்கட்டும் என்று செய்திருக்கிறார் என நினைத்து எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

டீமேக்கர் ஐயா ஒரு வேலையாகத் தோட்டத்து ஒபீசுக்குப் போயிருந்தார். மூட்டை ஏற்றத் தொடங்கினார்கள். நான் கையில் கடிகாரத்தோடு நிற்கிறேன். பத்துப் பன்னிரண்டு மூட்டை ஏறியிருக்கும். அப்போது அம்மா வெளியே வந்தார். மகளுடைய லொறியைப் பார்க்க, கங்காணியிடம் இரண்டு நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். கையை இடுப்பில் கட்டிய சாக்கில் துடைத்துக்கொண்டே சிரித்தபடி என் பக்கத்தில் வந்து நின்றார். நின்றவுடன் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னா புள்ள, கோயில் வாசம் அடிக்குது?"

"சாம்பிராணிம்மா. டிரைவர் போட்டிருக்காரு."

"எதுக்குப் போட்டாரு?"

அந்தக் கேள்வியும், சாம்பிராணி வாசமே தூளுக்கு ஆகாது என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். அம்மா லொறிக்குக் கிட்டப் போய், பக்கப் பலகையில் மூக்கை வைத்தார். திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு மூட்டை தூக்குகிறவர்களைப் பார்த்து, "ஏத்தாதீங்க" என்றார். "கருவாடு ஏத்துன லொறி இது."

எனக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். "அம்மா, நீங்க உள்ள போங்க. அதான் கழுவியாச்சில்ல? இதெல்லாம் ஒங்களுக்கு வெளங்காது" என்று கத்திவிட்டேன். அத்தனை பேர் முன்னாலும்.

அம்மா உள்ளே போகவில்லை. அடுத்ததாக ஏற்ற இருந்த மூட்டைமேல் போய் உட்கார்ந்துகொண்டார். சத்தம் கேட்டு வந்த கங்காணி, "இந்தா, எந்திரி! ஐயா கண்டா ஒன்ன மறுபடி மலைக்கே அனுப்பிருவாரு" என்று அதட்டினார். அந்த முழங்காலோடு மலைக்குப் போவதென்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்த நிமிடத்தில் நான் நினைத்தது என் அட்டவணையைத்தான். இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

டீமேக்கர் ஐயா வந்தார். அம்மா எழுந்து நின்றார், ஆனால் மூட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஐயா, தூளு கெட்டுருங்க. மொதல்ல ஏத்துனது கருவாடுங்க. புள்ளைக்குத் தெரியாதுங்க, அது மேல தப்பு இல்லீங்க" என்றார். இவ்வளவு ஏச்சு வாங்கிய பிறகும் என்னைத்தான் முதலில் காப்பாற்றினார்.

ஐயா என் பக்கம் திரும்பினார். "என்ன லோட் ஏத்தினவை எண்டு கேட்டனீரோ?"

"பொதுச் சரக்குன்னு..." என்று இழுத்தேன். டிரைவர்தான் தலையைச் சொறிந்துகொண்டு ஒத்துக்கொண்டார். தலவாக்கலைக் கடைக்குக் கருவாடு. நாற்றம் போகட்டும் என்றுதான் அந்தக் குளிரில் ஆற்றில் இறங்கிக் கழுவி, சாம்பிராணி போட்டிருக்கிறார். பாவம், அவர் எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார்.

ஐயா லொறிக்குள் ஏறி, தார்ப்பாயை இறக்கிவிடச் சொல்லி, இருட்டுக்குள் தனியாக நின்றார். ஒரு நிமிடம் இருக்கும். எனக்கு ஒரு மணித்தியாலம். வெளியே வந்து, "இறக்குங்கோ. எல்லாத்தையும் இறக்குங்கோ" என்றார். பிறகு என்னிடம், "இப்ப ஒண்டும் ஆகேல்லை. இந்தத் தார்ப்பாய்க்குள்ள கொழும்பு மட்டும் போயிருந்தா, அங்க ஒருத்தனும் தொடமாட்டான். எங்கட தோட்டத்துப் பேரே போயிருக்கும்" என்றார்.

அம்மா தயங்கித் தயங்கி நின்றார், வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல். ஐயா, "நீங்க போய் வேலையைப் பாருங்கோ அம்மா" என்றார். ஒருநாளும் அவர் அம்மாவை "நீங்க" என்று சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா நொண்டிக்கொண்டே உள்ளே போனதும் என்னைப் பார்த்து, "காலுக்கு இரக்கப்பட்டு வச்சிருக்கிறன் எண்டு நினைச்சீரோ? இந்த மூக்குக்காகத்தான்" என்றார். லயத்தில் எல்லோரும், நானும்தான், அப்படியே நினைத்திருந்தோம்.

பின்னேரம் அம்மா வேலை முடிந்து வந்தார். நான் அடுப்படியில் குந்திக்கொண்டிருந்தேன். அம்மாவே கேட்டார்.

"பாப்பா, எம்பேச்சால ஒனக்குப் பாஸு போயிருமா?"

அவ்வளவுதான், நான் உடைந்துபோனேன். மடியில் முகத்தை வைத்து அழுதேன். அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "பேசாம உள்ள போயிருவமான்னுதான் இருந்துச்சு. ஒன்னோட படிப்பாச்சேன்னு. பொறவு அந்த மூட்டையப் பாத்தேன். நாங்க அத்தன பேரும் பூ வைக்காம சேத்த தூளு பாப்பா. எப்புடி விட்டுட்டுப் போறது?"

நான் எத்தனையோ விரிவுரை கேட்டிருக்கிறேன். இந்த ஒரு வாக்கியம்போல எதுவும் எனக்குள் இறங்கியதில்லை. டிரங்குப் பெட்டிக்கு அடியில் கிடந்த சோப் நினைவுக்கு வந்தது. அது பயம் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நடந்ததை மறைக்காமல் அப்படியே ஆய்வறிக்கையில் எழுதினேன். அட்டவணையில் "முன்பு ஏற்றிய சரக்கு" என்று ஒரு புதுப் பத்தியும் சேர்த்தேன். நேர்முகப் பரீட்சையில் விரிவுரையாளர் அந்தப் பக்கத்தை விரலால் தொட்டு, இதை யார் சொன்னது என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் கூடப் படித்தவர்கள் சிலரும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா தொழிற்சாலையில் வேலை என்று மட்டும்தான் அவர்களிடம் சொல்லியிருந்தேன். ஏதோ பெரிய உத்தியோகம் என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள், நானும் திருத்தவில்லை. அன்று திருத்தினேன். "என் அம்மா. ஸ்டோரில் தேயிலை மூட்டை நிரப்புகிறவர்" என்றேன். விரிவுரையாளர் அந்தப் பத்திக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டார். தேறினேன்.

இப்போது கப்பலுக்குச் சரக்கு அனுப்புகிற ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். லயத்து மாமாவின் கேள்விக்கு நேரில் பார்த்துப் பதில் சொல்லியாகிவிட்டது. கப்பலுக்கும் ஹோர்ன் உண்டு. வெறும் கொள்கலன் ஒன்றைத் திறந்தால், பத்திரத்தைப் பார்க்கும் முன்னே மூக்கை உள்ளே நீட்டுவேன். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். பக்கத்தில் நிற்கிற கூலித் தொழிலாளி "மிஸ், ஏதோ சரியில்ல" என்று முணுமுணுத்தால், எவ்வளவு அவசரமானாலும் வேலையை நிறுத்திவிட்டு என்னவென்று கேட்பேன்.

படிப்பு முடிந்து, பட்டமளிப்பு விழாவுக்கு அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். காலையில் நான் தங்கியிருந்த அறையில் குளித்துவிட்டு அம்மா வெளியே வந்ததும் சந்தன வாசம். அந்தப் பழைய சோப்தான். சேலைச் சுருணையோடு கொண்டுவந்திருக்கிறார். "ரெண்டு நாளு லீவு சொல்லிட்டேன். பூ வாங்கித் தாறியா?" என்று சின்னப் பிள்ளைபோல வெட்கப்பட்டுக் கேட்டார். மல்லிகைச் சரம் வாங்கி என் கையால் வைத்துவிட்டேன். விழா முடியும்வரை, பூ இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த நாள் ரயிலில் திரும்பினோம். வட்டகொடை வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அம்மா தலையிலிருந்து அந்த வாடிய சரத்தைக் கழற்றி, என் கொண்டையில் சுற்றிவிட்டார். இன்றைக்கும் நான் பூ வைக்கிற நாளெல்லாம், அது கடையில் வாங்கிய பூ என்று நினைப்பதில்லை. அம்மா இத்தனை வருடம் வைக்காமல் எனக்கு மிச்சம் வைத்த பூ என்றே நினைத்துக்கொள்கிறேன்.