இரண்டு மில்லிமீட்டர்

பண்டிகையில் வளையம் எறியும் கடையில் காசு கொடுத்து வாங்கிய மூன்று வளையங்களில் ஒன்றைக்கூடக் குழந்தைவேல் எறியவில்லை. சட்டைப் பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்து ஒவ்வொன்றின் உள்விட்டத்தையும் இரண்டு பக்கம் வைத்து அளந்தார். பிறகு, பரிசுப் பொருளை நிறுத்தி வைக்கும் மரக்கட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி, அதையும் மூலைக்கு மூலை அளந்தார். எல்லாவற்றையும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார்.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக்குகளுக்கு உதிரி பாகம் கடைந்து தரும் லேத் பட்டறையில் முப்பது வருடமாக வேலை. பங்குனி பிறந்தால் வைகாசி முடியும்வரை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரை வீட்டில் பார்க்க முடியாது. எந்த ஊரில் மாரியம்மன் பண்டிகையோ அங்கே பைக்கை விட்டுவிடுவார். ராட்டினத்தில் ஏற மாட்டார், டெல்லி அப்பளம் பக்கம் திரும்பவே மாட்டார். விளையாட்டுக் கடைகளை மட்டும் ஒன்று விடாமல் சுற்றி வருவார். அவர் மனைவி சின்னாயியைக் கேட்டால், "எங்கூட்டுக்காரரு நோம்பிக்குப் போறதில்லீங்க, செக்கிங் போறாரு" என்பார்.

பலூன் சுடும் துப்பாக்கியில் குறி ஒரு பக்கம் இழுத்தால், கடைக்காரரைத் தனியாக அழைத்துச் சொல்லிவிட்டு வந்துவிடுவார். கூட்டத்தில் வைத்துச் சொல்வது மரியாதையில்லை என்பது அவர் எண்ணம். சேந்தமங்கலம் பக்கம் ஒரு கடையில் மட்டும் அவருக்குப் பொறுக்கவில்லை. கடைக்காரர் கட்டையில் போட்டுக் காட்டிய வளையம் பெரியது, எறிவதற்குக் கொடுத்த வளையம் சிறியது. விழாக்குழுவிடம் சொன்னார். இருட்டுவதற்குள் கடை காலி. "கஷ்டமா இருந்தா அது ஆட்டமுங்க. காட்டறது ஒண்ணு, குடுக்கறது ஒண்ணுன்னா அது திருட்டு" என்று இப்போதும் சொல்வார். அதிலிருந்து சுற்றுவட்டாரத்தில் அவர் சொல்லுக்கு ஒரு மதிப்பு.

போன சித்திரையில் மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்து ஊர்ப் பண்டிகையில் அந்த மதிப்பே அவருக்கு வினையாகிவிட்டது. லாரி பாடிக்குப் பெயிண்ட் அடிக்கும் காளிதாஸ், ஒரு சின்ன அலாரக் கடிகாரத்துக்கு ஆசைப்பட்டு நாற்பது வளையம் எறிந்திருக்கிறார். வளையம் கட்டையின் அடிவரை இறங்கினால்தான் கடிகாரம் கைக்கு வரும். ஒன்றும் இறங்கவில்லை. ஏமாற்றுக் கடை என்று விழாக்குழுவைச் சேர்ந்த அருணகிரியிடம் போய் நின்றார். குழந்தைவேல் அளந்து பார்க்கட்டும், தப்பென்றால் கடையைத் தூக்கிவிடுவோம் என்று அருணகிரி சொல்லிவிட்டார்.

கடை ஆத்தூர் உஷாராணியுடையது. ஓர் ஊரில் கடையைத் தூக்கினால், சாமான் போய்ச் சேரும் முன்பே செல்போனில் செய்தி அடுத்த ஊருக்குப் போய்விடும். அப்புறம் வைகாசி வரை எந்த ஊரிலும் இடம் கிடைக்காது. அவர் வாதாடவில்லை. வளையத்தை எடுத்துக் குழந்தைவேலிடம் நீட்டினார். அன்று கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பாவமாக இருந்தது.

வளையம் நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர். கடிகாரம் நின்ற கட்டை, மூலைக்கு மூலை நூற்றுப் பத்து. குழந்தைவேல் வளையத்தைக் கையால் வைத்துப் பார்த்தார், தடையில்லாமல் அடிவரை இறங்கியது. அப்படியானால் கடை சரிதானே என்றார் அருணகிரி. குழந்தைவேல் கயிற்றுக்கு வெளியே வந்து நின்று தூரத்தைப் பார்த்தார். ஏழடி இருக்கும். முப்பது வருடமாகத் துளைக்குள் பேரிங் இறக்கிய கை அது. இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் மட்டமாக வைத்தால் இறங்கும், ஏழடி தள்ளி நின்று வீசினால் இறங்காது என்று அவருக்குத் தெரியும். சரி என்று சொன்னால் பாதிப் பொய். தப்பு என்று சொன்னால் அதுவும் பாதிப் பொய். ஒற்றை வார்த்தைக்காக எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"வளையம் எறங்குதுங்க, பொய்யில்ல. ஆனா எடைவெளி ரெண்டு எம்எம்தான்னு எறியறவிங்களுக்குத் தெரியோணும். அத எழுதி வெச்சுட்டு கடை நடக்கட்டும்."

இதைக் கேட்டதும் உஷாராணி குறுக்கிட்டார். "அத எழுதி வெச்சா எவனுங்க கிட்ட வருவான்? அதுக்கு நீங்க கடையவே தூக்கிடலாம்."

அருணகிரி ஓர் அட்டையைக் கொண்டுவரச் சொன்னார். 'வளையம் 112, கட்டை 110, இடைவெளி 2 எம்எம்' என்று குழந்தைவேலே மார்க்கரால் எழுதிக் கயிற்றில் மாட்டினார். வந்தவர்கள் படித்தார்கள், போனார்கள். கால் மணி நேரம் ஒருவரும் வளையம் கேட்கவில்லை. உஷாராணி ஒரு சாக்கை உதறிச் சோப்பு டப்பாக்களை உள்ளே போட ஆரம்பித்தார்.

அப்போது பட்டறைச் சட்டையோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அட்டையைப் படித்துவிட்டு, "ரெண்டு எம்எம் கெடக்குது. இதுல உளுகாதா?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். இருவரும் ஆளுக்கு மூன்று வளையம் வாங்கினார்கள். இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் லேத்திலோ ரிக்கிலோ கை வைத்தவர்கள். எம்எம்மில் நூறில் ஒரு பங்கு பார்த்து வேலை செய்யும் அவர்களுக்கு இரண்டு எம்எம் என்றால் கதவைத் திறந்து போட்ட மாதிரி. சற்று நேரத்தில் கயிற்றோரம் நிற்க இடமில்லை. சாக்குக்குள் போன டப்பாக்கள் மறுபடியும் கட்டைமேல் ஏறின. எனக்குச் சிரிப்பு வந்தது. குழந்தைவேல் சிரிக்கவில்லை, எழுதியதில் எண் ஏதும் தவறிவிட்டதோ என்பதுபோல அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு காளிதாஸும் வந்தார். அட்டையை இரண்டு தடவை படித்தார். மூன்று வளையம் வாங்கினார். குழந்தைவேல் அவர் காதருகே போய், நாற்பது எறிந்தது போதும், வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிப் பார்த்தார். காளிதாஸ் கேட்கவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கடிகாரத்தைக் குறிவைத்துக் கையை ஓங்கினார். வளையம் சாய்ந்திருந்தது. அளக்க வந்தவர் ஆட்டத்தில் கை வைக்கலாமா என்று குழந்தைவேல் ஒரு நொடி தயங்கினார். பிறகு காளிதாஸின் மணிக்கட்டை இரண்டு விரலால் மெல்ல அழுத்தி, வளையத்தை மட்டமாக்கினார்.