ஞாயிற்றுக்கிழமை களி

போன செவ்வாய்க்கிழமை நான் அயர்லாந்துக்குக் கிளம்பிவிட்டேன். பாஸ்போர்ட் இல்லை. பணம் இல்லை. மூணாறு தாண்டினாலே எனக்கு வாந்தி வரும். இருந்தாலும் கிளம்பிவிட்டேன் — தபாலாபீஸ் வரைக்கும்.

என்னை வாரா வாரம் படிக்கிற உங்களுக்கு என் தைரியத்தைப் பற்றித் தெரியும். தேயிலை பாக்டரியில் டிரையர் கொஞ்சம் சத்தம் மாறிப் போட்டால் முதலில் வெளியே ஓடுகிற டீமேக்கர் நான்தான். ஆனால் இந்தத் தடவை ஓடியதற்குக் காரணம் இருந்தது. மகளிடமிருந்து கடிதம்.

ஸ்டெல்லா அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கான்வென்ட் சிஸ்டர்கள் அனுப்பி வைத்துப் படித்தவள். போய் மூன்று வருஷம் ஆகிறது. மாதம் ஒரு ஏரோகிராம் வரும். அந்த நீலக் காகிதத்தை நான் கிழிக்கிற விதமே என் மனைவி ஞானத்துக்குப் பிடிக்காது. "எழுத்தோட சேத்துக் கிழிச்சிராதிய" என்று பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பாள்.

கிழித்தேன். சத்தமாகப் படித்தேன்.

"அப்பா, போன ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் களி."

ஞானத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "களியா? உளுந்தங்களியா, கேப்பைக்களியா? அங்கன யாரு கிண்டிக் குடுத்தாவளாம்?"

"இரு, படிக்கேன்லா."

"நல்லெண்ணெ கெடைக்காமே அந்த ஊர்ல…"

மேலே படித்தேன். "ஆஸ்பத்திரியிலிருந்து ஆறு பேர் போனோம். கேட்டில் போலீஸ்காரர்கள் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருத்தராக உள்ளே விட்டார்கள்."

என் குரல் கொஞ்சம் இறங்கியது. களி. போலீஸ். கேட். உள்ளே.

"உள்ளே முப்பது பேர். எல்லார் கையிலும் தடி. ஒருத்தருக்கு மண்டை உடைந்து ரத்தம். எங்களை டெலிவிஷனில் காட்டினார்கள். பகல் நேரத்தில், சின்னப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது இப்படி ஆகிவிட்டதே என்று டெலிவிஷன்காரர்கள் மன்னிப்புக் கேட்டார்களாம். அம்மாவிடம் சொல்ல வேண்டாம், பயப்படுவாள்."

அம்மா பயப்படவில்லை. பயந்தது அப்பாதான்.

எந்த ஊரில் ஐயா களி போடுவார்கள்? ஜெயிலில்தானே? என் மகள் ஜெயிலில் இருக்கிறாள். அதுவும் சாதாரணமாக இல்லை… பட்டப்பகலில் பிள்ளைகளுக்குக் காட்டக்கூடாத கோலத்தில், நாடே பார்க்க டெலிவிஷனில் வந்து, காட்டியவனே மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு!

"ஒரு வாய் களிக்கா இம்புட்டுப் போலீசு?" என்றாள் ஞானம்.

அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. செருப்புக்கூடச் சரியாகப் போட்டேனா தெரியவில்லை. காந்தலூரிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லாரியைக் கைகாட்டி நிறுத்தி, மூட்டைகளுக்கு மேலே ஏறி உட்கார்ந்தேன். வழி நெடுக என்ன யோசித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அயர்லாந்து ஜெயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு விடுவார்களா என்று யோசித்தேன்.

எங்கள் போஸ்ட்மாஸ்டர் குஞ்ஞப்பன், கோட்டயம் பக்கத்துக்காரர். நிதானமே உருவான மனிதர். ஸ்டாம்புக்கு எச்சில் தொடுவதையே ஒரு சடங்கு மாதிரிச் செய்வார். தந்தி பாரத்தை வாங்கி நான் எழுதினேன், இங்கிலீஷில்: 'ஸ்டெல்லா விச் ஜெயில்? ஃபாதர் கமிங்.'

குஞ்ஞப்பன் கண்ணாடியை இறக்கிப் படித்தார். ஏற்றிப் படித்தார்.

"டீமேக்கரே, இது எந்தா? ஆரா ஜெயிலில்?"

"என் மக."

"ஆரு பறஞ்ஞு?"

"அவளே எழுதியிருக்கா சார். ஞாயித்துக்கிழமை களியாம்."

"பின்னே?"

"பின்னே என்ன பின்னே? களின்னா ஜெயில்தானே சார்?"

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் மெதுவாக, மலையாளப் பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரிச் சொன்னார்: "களின்னு பறஞ்ஞா களி. பந்து களி. சீட்டு களி. நிங்கள் இருவது கொல்லமாய் என்டெ கூட சீட்டு களிச்சதல்லே?"

உண்மை. இருபது வருஷமாக சனிக்கிழமைதோறும் அவரோடு உட்கார்ந்து நானே 'ஒரு களி கூட' என்று கெஞ்சியிருக்கிறேன். மலையாளத்தில் களி என்றால் விளையாட்டு. இந்த மலையில் பால் குடிக்கிற குழந்தைக்குத் தெரியும். ஆனால் ஸ்டெல்லா எங்களோடு பேசும்போது அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. வீட்டில் விளையாட்டு விளையாட்டுத்தான். மகள் குரலில் படித்ததால் தமிழாகவே படித்துவிட்டேன்.

"எழுத்து எவிடே?" என்று கடிதத்தைக் கேட்டு வாங்கினார் குஞ்ஞப்பன். திருப்பினார். ஏரோகிராமில் மடித்து ஒட்டுகிற ஓரம் இருக்கிறதல்லவா? அதிலும் பொடி எழுத்தில் நிறைய இருந்தது. நான் பார்க்கவே இல்லை! தமிழ் படிக்கத் தெரியாத அவர்தான் அதைக் கண்டுபிடித்து விரல் வைத்துக் காட்டினார்.

"இந்த ஆட்டத்துக்குப் பேர் ஹர்லிங், அப்பா. ஹாக்கி மாதிரி. ஆனால் பந்து ஆகாயத்தில் போகும், மட்டையும் கூடவே போகும். எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு தாத்தா ரெஃபரியைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். பக்கத்திலேயே டெலிவிஷன் மைக்! நாடு முழுக்கக் கேட்டுவிட்டது. அதற்குத்தான் மன்னிப்பு. பகலில் அப்படிப்பட்ட பேச்சு வரக்கூடாதாம் இங்கே. லீலாம்மாவோடு ஒரே ரூமில் இருந்து எனக்கு மலையாளம் நல்லா வருது."

நான் வாய்விட்டுப் படித்து முடித்ததும் குஞ்ஞப்பன் தந்தி பாரத்தை அழகாக நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். "ஃபாதர் கமிங்" என்று முணுமுணுத்துக்கொண்டே. இனி வருகிற சனிக்கிழமைச் சீட்டிலெல்லாம் என் கதி என்ன ஆகும் என்று நினைத்தேன். அந்தப் பயம் தனி.

திரும்பி நடந்து வரும்போது எங்கள் எஸ்டேட் ஃபுட்பால் மேட்சுகள் நினைவுக்கு வந்தன. கோல் போஸ்ட் பக்கத்திலேயே மைக் செட். இரண்டு மொழியிலும் கெட்ட வார்த்தை வண்டி வண்டியாக வந்து விழும். மூன்று மலை தாண்டிக் கேட்கும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகள் அதையே ஒருத்தரையொருத்தர் சொல்லிக்கொள்ளும். அயர்லாந்துக்காரர்கள் மாதிரி நாமும் ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தால்… எத்தனை கோல் என்று சொல்ல மைக் செட்காரருக்கு எப்போது நேரம் கிடைக்கும்?

வீட்டுக்கு வந்து ஞானத்திடம் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப டெலிவிஷன்ல காட்டுனது நெசந்தானா?"

"நெசந்தான்."

"யாரு பாத்தாவளாம்?"

கடிதத்தை மறுபடி எடுத்தேன். கடைசி மூலையில், மடிப்புக்குள் இரண்டு வரி மிச்சம் இருந்தது. ஸ்டெல்லாவின் வார்டில் கால் முறிந்து கிடக்கிற ஒரு நோயாளி, கூட்டத்துக்கு நடுவில் அவளைப் பார்த்துவிட்டு, "அதோ, நம்ம நர்ஸ்!" என்று வார்டையே எழுப்பிவிட்டாராம். ஒரு நொடிதானாம். திங்கட்கிழமை டியூட்டிக்குப் போனதும் எல்லா நோயாளிகளும் அவளுக்குக் கை தட்டினார்களாம்.

நம்ம நர்ஸ்.

ஞானம் அதை இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். அப்புறம் அடுப்படிக்குப் போனவள், வாசலுக்கே திரும்பி வந்து நின்றாள்.

"மெலிஞ்சிருக்கியான்னு கேட்டு எழுதுங்க."

"கேட்டா இல்லன்னுதான் எழுதுவா."

"ஆமா" என்றாள். "மூணு வருசமா அப்பிடித்தான் எழுதுதா."

மெட்ராசில் டெலிவிஷன் வந்துவிட்டதாம். எங்கள் மலையில் மழை பெய்தால் ரேடியோவே இருமும். டெலிவிஷன் என்கிற சாமானை நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை, அது மேசை உயரமா பெட்டி உயரமா என்று கூடத் தெரியாது. ஆனால் போன செவ்வாய்க்கிழமையிலிருந்து பாக்டரியில் இலை வாடும் மணத்துக்கு நடுவே நின்றுகொண்டு, முன்பின் தெரியாத ஒரு மனிதரை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்திருக்கிறார். எதிரே பெட்டி. கூட்டம் ஒரு நொடி வந்து போகிறது.

ஐயா, உமக்குக் கால் சீக்கிரம் குணமாகட்டும். ஒன்று மட்டும் உண்மையைச் சொல்லும்… எங்கள் பிள்ளை மெலிந்திருந்தாளா?