குடைக்காரியும் இருபத்திரண்டு தலைகளும்

வெளியே மழையில்லை. வெயிலென்றாலும் சுவருக்குள் அது வரப்போவதில்லை. அப்படிப்பட்ட ஓர் அறைக்குள் ஒரு பெண் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு மூலைக்கு மூலை நடந்தால் என்ன நினைப்போம்? அவளைப் பற்றியும் ஆரம்பத்தில் எல்லோரும் அதைத்தான் நினைத்தார்கள். பிறகு கண்காணிப்புக் கேமரா மாட்டுவதில் அவளுக்கு நிகர் அவள்தான் என்று பேராகிவிட்டது. நினைப்பை மாற்றிக்கொண்டார்கள், பெயரை மட்டும் மாற்றவில்லை. குடைக்காரி வீடு எது என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட ஏணி சாத்தியிருக்கும் வாசலைக் காட்டும்.

குடை வாடிக்கையாளருக்காக வந்தது. கடைக்காரர்களிடம் இத்தனை டிகிரி, அத்தனை மெகாபிக்சல் என்று சொன்னால் தலையை ஆட்டுவார்கள், மாட்டி முடித்த பிறகு "கல்லாப்பெட்டி தெரியலையே" என்று சண்டைக்கு வருவார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் மூலையில் கிடந்த குடையை எடுத்து விரித்துத் தலைக்கு மேல் தூக்கினாள். "இந்த உச்சிதான் கேமரா. குடைக்கு அடியில சுத்திவர என்னவெல்லாம் இருக்கோ, அத்தனையும் தெரியும். இப்பப் புரியுதா?" புரிந்தது. அன்றிலிருந்து டிரில் மெஷினை மறந்தாலும் குடையை மறக்கமாட்டாள்.

அதனாலேயே அவளுக்குக் கூரையில் ஒட்டும் கேமராதான் உயிர். சின்னத் தட்டைப்போல இருக்கும், நடுவில் ஒரே ஒரு லென்ஸ், மீன் கண்ணைப்போலப் பிதுங்கிக்கொண்டு சுற்றுமுற்றும் எல்லாவற்றையும் வட்டமாகப் பார்க்கும். ஃபிஷ் ஐ என்பார்கள். அவளுடைய வீட்டுக்காரருக்கோ அது ஆகவே ஆகாது. ஒயர் இழுப்பது, பைப் அடிப்பது, மானிட்டரில் இணைப்பது எல்லாம் அவர் வேலை. அவர் கட்சி சுவர்க் கட்சி. சுவரில் மாட்டுகிற பனோரமா கேமராவில் நாலு லென்ஸ் வரிசையாக இருக்கும், நாலு படத்தையும் அதுவே ஒட்டி, ஒரே நீளப்படமாகக் காட்டும்.

"சுவத்துல மாட்டினா மனுஷன் மூஞ்சி தெரியும். மேல மாட்டினா வழுக்கைதான் தெரியும்" என்பார் அவர்.

"வழுக்கையை வச்சே ஆயிரம் பேருக்கு நடுவுல உங்களக் கண்டுபிடிச்சிடுவேன்" என்பாள் இவள்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று ஒருவர் சொன்னாலே வீடு தாங்காது. அங்கே இரண்டு பேர், இரண்டு முயல். இருந்தும் இருபத்தைந்து வருஷமாகக் குடும்பம் ஓடியதென்றால், சண்டை முடிந்ததும் சேர்ந்தே சிரித்துவிடுவார்கள், அதுதான் காரணம்.

இப்படி இருந்தவர்களை டீச்சரக்கா வரச்சொல்லி அனுப்பினார். டீச்சரக்கா நடத்தும் குழந்தைகள் காப்பகம் மூன்றாவது தெருவில் இருக்கிறது. ஒரு நீளக் கூடம், பக்கத்தில் ஆபீஸ் என்று பேர்பண்ணிக்கொண்ட ஓர் ஒடுக்கு அறை, பின்னால் சமையலறை, அவ்வளவுதான். ஆனால் குடைக்காரிக்கு அது கோயில் மாதிரி. அவள் மகள் இரண்டு வயதில் அந்தக் கூடத்தில்தான் பேசக் கற்றுக்கொண்டாள். அம்மாவும் அப்பாவும் யார் வீட்டுக் கூரையிலோ தொங்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்தப் பிள்ளைக்குச் சோறூட்டித் தூங்கவைத்தது டீச்சரக்காதான். மாலையில் சிமெண்டுத் தூசியோடு ஓடிவந்து நிற்கும் குடைக்காரிக்கும் ஒரு தட்டு எடுத்துவைத்திருப்பார். "முதல்ல நீ சாப்பிடு, அப்பறம் புள்ளயத் தூக்கு" என்பார். மகள் இப்போது வேலைக்கே போகிறாள். அந்தத் தட்டை மட்டும் குடைக்காரி மறக்கவில்லை.

அப்பேர்ப்பட்ட டீச்சரக்காவின் முகம் அன்று வாடியிருந்தது. காப்பகங்களைப் பார்வையிடும் மேடம் போன மாதம் வந்திருக்கிறார். கூடத்தின் நாலு மூலையிலும் யாரோ எப்போதோ மாட்டிய நாலு பழைய கேமரா. மானிட்டரில் நாலு கட்டம். மேடம் குழந்தைகளை எண்ணினார். ஒரு குழந்தை இரண்டு கட்டத்தில் வந்தது, இன்னொன்று எந்தக் கட்டத்திலும் வரவில்லை. ஒருமுறை இருபத்துநாலு, மறுமுறை பத்தொன்பது. இருப்பது இருபத்திரண்டு.

"கூடம் முழுக்க ஒரே படத்துல தெரியணுமாம். எந்த நேரத்துல பாத்தாலும் ஒரு புள்ள குறையாம எண்ண முடியணுமாம். புதன்கிழமை பதினோரு மணிக்கு வர்றாங்க. இல்லேன்னா அனுமதியப் புதுப்பிக்க மாட்டேன்னு எழுதியே குடுத்துட்டாங்க" என்றார் டீச்சரக்கா.

"அவ்வளவுதானேக்கா? என்கிட்ட விடுங்க" என்றாள் குடைக்காரி. வாய்தான் அப்படிச் சொன்னது. இந்தக் கூடத்துக்குப் பூட்டுப் போட்டால் இருபத்திரண்டு வீட்டு அம்மாக்கள் வேலைக்குப் போக முடியாது என்று அவளுக்கா தெரியாது?

ஞாயிற்றுக்கிழமை காப்பகம் விடுமுறை. தொந்தரவில்லாமல் வேலை நடக்கும் என்று அன்றைக்கே போனார்கள். குடையோடு நடந்து, சீலிங்கின் நடுவில் குறி வைத்து, ஃபிஷ் ஐயை மாட்டினாள். வட்டப்படத்தை விரித்து நீட்டமாகக் காட்டும் வசதி அந்தக் கேமராவிலேயே உண்டு. வீட்டுக்காரரைக் கூடம் முழுக்க நடக்கவிட்டுப் பார்த்தாள். அவர் எங்கே நின்றாலும் தெரிந்தார், வழுக்கையும் தெரிந்தது. உள்ளங்கை நெல்லிக்கனி என்று துள்ளினாள்.

பிசகு அங்கேதான் நடந்தது. குழந்தைகள் காப்பகத்துக்குக் கேமரா பார்த்தவர்கள் குழந்தைகளே இல்லாத நாளில் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை இருபத்திரண்டும் வந்து இறங்கின. குடைக்காரி மானிட்டர் முன்னால் உட்கார்ந்து எண்ணினாள். இருபத்தொன்று. மறுபடி எண்ணினாள். இருபத்தொன்றுதான். கூடத்துக்கு ஓடினாள். கடைசி மேசைக்கு அடியில் ஒரு குட்டிப்பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அதா? அது எலிக்குட்டி" என்றார் டீச்சரக்கா. "வந்ததும் அங்க போயிடும். புது ஆள் குரல் கேட்டா போதும், வெளிய வரவே வராது. அதட்டினா அழும். இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

மேலிருந்து பார்க்கிற கேமராவுக்கு மேசைப்பலகை தெரியும், மேசைக்கு அடியில் இருக்கும் எலிக்குட்டி எப்படித் தெரியும்? ஆனைக்கும் அடி சறுக்கும். வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார், அது சொல்வதைவிட மோசம்.

செவ்வாய்க்கிழமை காலை அவருடைய நாள். கூடத்தின் ஓரச் சுவரில், குட்டையான பொம்மை அலமாரிக்கு மேலே, பனோரமா கேமராவை மாட்டினார். படம் கண்ணாடிபோல இருந்தது. தாழ்வாக மாட்டியதால் மேசைக்கு அடியில் எலிக்குட்டியின் ரிப்பன்கூடத் தெரிந்தது. "எண்ணிக்கோ" என்று நாற்காலியில் சாய்ந்தார். அவள் எண்ணினாள்.

"இருபத்திமூணு."

"உனக்கு எண்ணத் தெரியல. தள்ளு." அவரும் எண்ணினார். இருபத்துமூன்று.

உற்றுப் பார்த்தார்கள். கேமராவுக்குப் பக்கத்தில் சிவப்புச் சட்டைப் பையன் ஒருவன் நின்றான். அவனுக்குப் பக்கத்தில் இன்னொரு சிவப்புச் சட்டைப் பையன். இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே மூக்கொழுகல். இரண்டு லென்ஸ் படங்களும் சேர்கிற இடத்தில் பயல் மிக நெருங்கி நின்றதால் இரட்டையாகிவிட்டான். அரையடி நகர்ந்ததும் இரண்டு பேரும் ஒருவனானார்கள். குடைக்காரி சிரித்த சிரிப்பில் தூங்கிய குழந்தைகள் விழித்துக்கொண்டன.

"பெத்தவங்களுக்கே தெரியாம ஒரு புள்ளயப் பெத்துக் குடுத்துட்டீங்களே!"

"வண்டி நிறுத்துற இடத்துல, குடோன்ல இது ராஜா" என்று முனகினார் அவர். "அங்கெல்லாம் யாரும் கேமராவுக்குப் பக்கத்துல வந்து மூக்கை நீட்ட மாட்டாங்க."

சிரித்து முடித்ததும் இரண்டு பேரும் கணக்குப் பார்த்தார்கள். அவள் கேமராவில் ஒரு குழந்தை குறைவு, அவர் கேமராவில் ஒரு குழந்தை கூடுதல், நாளைக்கு மேடம் வருகிறார். டீச்சரக்கா பால் தம்ளர்களோடு எட்டிப்பார்த்து, "முடியலேன்னா பரவாயில்லம்மா" என்றார். அதைக் கேட்டதும்தான் அவளுக்கு அழுகை முட்டியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள். வைத்த இடத்தில் குடையைக் காணோம். சுவரோரமாகச் சாத்தி வைத்திருந்தது இப்போது விரிந்து, பக்கவாட்டில் சாய்ந்து, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதன் குழிக்குள் எலிக்குட்டி குடியேறியிருந்தது.

"என்னடி பண்ற என் குடையில?"

"பாக்கறேன்" என்றது எலிக்குட்டி.

"என்ன பாக்கற?"

"எல்லாரையும்."

குடைக்காரி தரையில் படுத்தாள். நாற்பத்தைந்து வயது உடம்பைச் சுருக்கி, தலையை மட்டும் குடைக்குள் நுழைத்து, எலிக்குட்டியின் கன்னத்தோடு கன்னம் வைத்துப் பார்த்தாள். இடது கோடி ஜன்னல் தெரிந்தது. வலது கோடிக் கதவு தெரிந்தது. நடுவில் எல்லா மேசைகளும், மேசைகளுக்கு அடியில் இருபத்தொரு ஜோடிக் கால்களும் தெரிந்தன. படுத்தபடியே கத்தினாள்.

"என்னங்க! என் கேமராவைக் கழட்டி உங்க சுவத்துல மாட்டுங்க!"

அவர் ஓடிவந்து, மனைவியின் கால்களை மட்டும் பார்த்துத் திகைத்து நின்றார். அப்புறம் புரிந்தது. ஒரே லென்ஸ், ஒட்டுப்போட்ட இடமே கிடையாது, யாரும் இரட்டையாக முடியாது. சுவரில் தாழ்வாக மாட்டினால் மேசைக்கு அடியிலும் பார்க்கும். மானிட்டரில் செட்டிங்கைத் திறந்தார். எப்படி மாட்டியிருக்கிறீர்கள் என்று அது கேட்டது. சீலிங் என்று ஒன்று, அதற்கு நேர்கீழே சுவர் என்று இன்னொன்று.

"இத்தனை வருஷமா இது இங்கயேதான் இருந்ததா?" என்றார் அவர்.

"நான் சீலிங்குக்குக் கீழ படிச்சதே இல்ல" என்றாள் அவள். குடையென்றால் தலைக்கு மேல் பிடிப்பது, அதைச் சாய்த்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார்கள். வெளிச்சம் போவதற்குள் மாட்டி முடித்தாயிற்று. முகங்கள் கொஞ்சம் சிறிதாகத்தான் தெரிந்தன, ஆனால் அந்த நீளக் கூடத்துக்கு அது போதும். எண்ணிப் பார்க்கலாம் என்றபோது குழந்தைகள் எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

புதன்கிழமை சரியாகப் பதினொன்றுக்கு மேடம் வந்தார். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். கூடத்தில் குழந்தைகளும் உதவிக்கு இருக்கும் இரண்டு பெண்களும் தவிர யாரும் இருக்கக் கூடாது என்றார். வீட்டுக்காரரும் டீச்சரக்காவும் மேடத்தோடு ஆபீஸ் அறைக்குள் போனார்கள். குடைக்காரி வாசலில் நிற்க வேண்டியவள்.

நின்றாளா? கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். புதுக்குரல் கேட்டதும் எலிக்குட்டி கடைசி மேசைக்கு அடியில் போய்விட்டது. போனால் போகட்டும், அங்கே கேமரா பார்க்கும். ஆனால் அதற்கும் பின்னால் இருந்த திரைச்சீலையை நோக்கி ஒரு கை நீண்டது. திரைக்குப் பின்னால் போய்விட்டால் எந்தக் கேமராவுக்கும் கண் இல்லை. குடைக்காரி பூனை நடை நடந்து உள்ளே போய், குனிந்து, "வெளிய வாடி கண்ணு" என்று கெஞ்சினாள்.

"நீ உள்ள வா" என்றது எலிக்குட்டி.

திறந்திருந்த கதவு வழியாக மேடத்தின் குரல் கேட்டது. "பெரியவங்க ரெண்டு பேரைத் தள்ளிட்டு எண்ணறேன். ஒண்ணு, ரெண்டு..."

இனி வெளியே ஓட நேரமில்லை. குடைக்காரி மேசைக்கு அடியில் நுழைந்து எலிக்குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள். எண்ணிக்கை ஏற ஏற அவள் பிடியும் இறுகியது. பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு.

அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

"இருபத்திமூணு" என்றது மேடத்தின் குரல்.

அவளுக்கு உலகம் இருண்டுவிட்டது. ஒட்டே இல்லாத கேமராவில் யார் இரட்டையானது? சிவப்புச் சட்டைப் பையன் தூரத்தில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். போச்சு, எல்லாம் போச்சு.

"ரெஜிஸ்டர்ல இருபத்திரெண்டுதான் இருக்கு" என்றார் மேடம். "இதோ பாருங்க, கடைசி மேசைக்கு அடியில ரெண்டு தலை தெரியுது. ஒண்ணு ரிப்பன் கட்டியிருக்கு. இன்னொண்ணுக்கு... நரைச்சிருக்கே!"

ஆபீஸ் அறையில் வீட்டுக்காரரின் சிரிப்பு வெடித்துக் கிளம்பியது. "மேடம், அது என் சம்சாரம்! அதோ ரிப்பன் கட்டிட்டு அது பக்கத்துல இருக்கே, அதுதான் நிஜமாவே புள்ள!"

மேடமும் சிரித்தார், சங்கிலி குலுங்கும் சத்தம் கூடம் வரை கேட்டது. "மேசைக்கு அடியில ஒளிஞ்சவங்களயே காட்டுதுன்னா, இதுக்கு மேல நான் என்னத்த சோதிக்கறது? குடுங்க, கையெழுத்துப் போடறேன். ஆனா இந்த இருபத்திமூணாவது ஆளை என்னன்னு எழுதறது?"

"புள்ளைன்னே எழுதிக்கோங்க மேடம்" என்றார் டீச்சரக்கா. "மகளைக் கொண்டு விட வந்த நாள்லேர்ந்து அதுவும் இங்க சாப்பிட்டு வளந்த புள்ளதான்."

மேசைக்கு அடியில் குடைக்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன, அடக்க முடியவில்லை. எலிக்குட்டி தன் பிசுபிசுத்த கையால் அவள் வாயைப் பொத்தியது.

"சத்தம் போடாத" என்று காதுக்குள் சொன்னது. "நம்மளக் கண்டுபிடிச்சிடுவாங்க."