டார்ட் கடையில் புகுந்த காற்று

"நெருப்பக் கண்டா ஒதுங்குற புள்ள, கேஸ் ஓவன் ரிப்பேர் பாக்கப் போவுதாம் லா!"

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசர் மாணிக்கம் அண்ணன் சொன்னது இது. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னதில் பொய்யில்லை. பர்னர் 'பக்' என்று பற்றும்போது இன்றைக்கும் ஓரடி பின்னால் நகர்ந்துவிடுவேன். ஆனால் மெர்லிமாவ் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் அப்பாவுக்குத் தன் பெயரைக்கூட வாசிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் படித்து டிப்ளோமா வாங்கிய முதல் ஆள் நான். பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்? படித்தவள் மாதிரியே நடந்துகொண்டேன். அதுதான் தப்பாகப் போனது.

1. ஜன்னலை அடைத்த நாள்

மலாக்கா டவுனில் ஒரு சின்ன பேக்கரி. போர்த்துகீசிய முட்டை டார்ட்டுக்குப் பெயர் போனது. முதலாளி ரோசி ஆன்ட்டி, போர்த்துகீசிய வம்சாவளி. எங்களிடம் மலாயில் பேசுவார். மாவு தேய்ப்பவர் மஸ்ஜித் தானாவிலிருந்து வரும் சாந்தி அக்கா. கடையில் வேறு ஆள் கிடையாது.

என் ஜாப் ஷீட்டில் 'கோளாறு' என்ற இடத்தில் இரண்டே வார்த்தை: மாசோக் ஆங்கின். மலாயில் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். மூடாத டின்னில் பிஸ்கட் நமுத்துப்போனால் எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்.

சாந்தி அக்கா ஒரு டார்ட்டை எடுத்துக் காட்டினார்.

"போன வாரம் வரைக்கும் கடிச்சா பக்கத்துக் கடைக்குக் கேக்கும்மா. இப்பப் பாரு, ஆறிப்போன தோசையாட்டம் மடங்குது."

ஓவன் கதவு ரப்பரில் விரிசல் இருந்தது. மாற்றினேன். மாவிலுள்ள பட்டர் உருகாமல் இருக்க அந்த அடுப்படியில் ஏர்கான் ஓடும். இருந்தும் ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருந்தது, வெளியே மழை.

"இந்த ஜன்னல இனிமே தொறக்காதீங்கக்கா. ஈரக் காத்து உள்ள வருது."

அக்கா உடனே ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் டேப் ஒட்டினார். நான் 'முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கிளம்பும்போது அவர் நெற்றிப்பொட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பார்த்தேன். எதுவும் தோன்றவில்லை.

2. மறுபடியும் அதே இரண்டு வார்த்தை

மூன்றாம் நாள் காலை அதே கடையிலிருந்து போன். ஷீட்டிலும் அதே மாசோக் ஆங்கின்.

"ரப்பர் மாத்துனியே, இன்னுமா காத்து போவுது? கதவ மாட்டுனியா, கையில கொண்டு வந்துட்டியா?" என்றார் மாணிக்கம் அண்ணன்.

என் வேலையில்தான் பிசகு என்று பயந்துகொண்டே போனேன். கடைக்குள் பட்டர் வாசனையை மிஞ்சி தைல வாடை அடித்தது.

"டார்ட் இன்னும் அப்படியேதான் இருக்காக்கா?"

"டார்ட் மட்டுமா? ஆன்ட்டிக்கும் மாசோக் ஆங்கின். காலையிலேர்ந்து ரெண்டு வாட்டி வாந்தி. எனக்குச் சம்மட்டியால அடிக்கிற மாதிரி தலைவலி. எல்லாத்துக்கும் மாசோக் ஆங்கின்னுதான் போன்ல சொன்னேன். வீட்டுக்குப் போனா சரியாயிருது, இங்க வந்தா புடிச்சுக்குது. ஏர்கான் காத்து ஆவல போல."

தலைவலி, வாந்தி, மயக்கம் எதுவானாலும் இங்கே அதே வார்த்தைதான். உடம்பில் காற்று புகுந்துவிட்டது. தைலம் தேய்த்தால் போகும்.

வீட்டுக்குப் போனால் சரியாகிறது. அப்படியானால் கோளாறு இந்தக் கடைக்குள்தான். குனிந்து பர்னரைப் பார்த்தேன். நீலமாக எரிய வேண்டிய நெருப்பு மஞ்சளாக ஆடியது. சரியாக எரியாத கேஸ் கார்பன் மோனாக்சைடு ஆகும். நிறமில்லை, வாசமில்லை, ஆளைக் கொல்லும். பரீட்சையில் முழு மார்க் வாங்கிய பாடம். அது வெளியேற இருந்த ஒரே இடுக்கையும் நான்தான் அடைக்கச் சொன்னேன்.

"வெளிய வாங்க! ஆன்ட்டி எங்க?"

"ஸ்டோர்ல படுத்திருக்காங்க. இரும்மா, உள்ள நாலு ட்ரே இருக்கு, கருகிடும்."

"கருகட்டும்க்கா!"

பின்சந்துக்கு ஓடி சிலிண்டர் வால்வை மூடினேன். திரும்பி வந்து டேப்பைக் கிழித்து ஜன்னலைத் திறந்தேன். ரோசி ஆன்ட்டி மாவு மூட்டைமேல் சாய்ந்திருந்தார். கூப்பிட்டதற்குக் கண் திறந்தார், பேசவில்லை. அக்காவும் நானுமாக அவரை இழுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்தோம். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஆன்ட்டிக்கும் அக்காவுக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். மறுநாள் வீடு திரும்பினார்கள். இன்னும் எவ்வளவு நேரம் உள்ளே தாங்கியிருப்பார்கள் என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. பதில் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

3. மைனாக் கூடு

கூரைமேல் ஏறிய மாணிக்கம் அண்ணன் ஒரு மைனாக் கூட்டோடு இறங்கினார். ஓவனின் புகைக்குழாயை அது அடைத்திருந்தது. வெளியேற வழியில்லாத நீராவி டார்ட்டை நமுத்துப்போக வைத்தது. புகை ஆட்களைப் பிடித்தது. இரண்டு மாசோக் ஆங்கினுக்கும் காரணம் ஒன்றுதான்.

"ஜன்னல அடைக்கச் சொன்னது யாரு?"

"நான்தாண்ணே."

ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுதினேன். அவர் படித்துவிட்டு, "இத எழுதித்தான் ஆவணுமா?" என்றார்.

"ஆவணும்ணே."

அன்று அவர் சிரிக்கவில்லை.

கடை மறுபடி திறந்ததும் போய்ப் பார்த்தேன். சாந்தி அக்கா ஒரு டார்ட்டை என் காதருகே வைத்து நொறுக்கிக் காட்டினார். "இப்ப ஜன்னல தொறந்து வச்சுக்கலாமா, மேடம்?" என்றார். ரோசி ஆன்ட்டி சிரித்தார். என்னால் முடியவில்லை.

நெருப்பைப் பற்றிய பயம் போகவில்லை. போக வேண்டாம் என்றே நினைக்கிறேன். நான் பயப்பட மறந்தது 'மாசோக் ஆங்கின்' என்ற தெரிந்த வார்த்தைக்கு. காற்று எதில் புகுந்தது என்று பார்த்தேனே தவிர, யாருக்குள் என்று கேட்கவில்லை.

எங்கள் ஜாப் ஷீட்டில் 'கோளாறு' என்ற கட்டத்துக்கு மேலே இப்போது இன்னொரு கட்டம் இருக்கிறது: 'ஆட்கள் நலமா?' நான் கேட்டுச் சேர்க்க வைத்தது. இன்று காலை உம்பாய் ஊரில் ஒரு கடை. கேக் நடுவில் வேகவில்லை என்று முதலாளி ஆரம்பித்தார்.

"அது இருக்கட்டும்ணே. இங்க யாருக்காச்சும் தலைவலி இருக்கா?" என்றேன். அதற்குள் ஜன்னலைத் திறந்துவிட்டிருந்தேன்.