சி டிரைவ் வேட்டை

அடுத்தவங்க கோட்ல பிழை பிடிக்கிறதுதான் வேலைன்னா, ஆபீஸ்ல நம்ம டீயை நாமதான் போட்டுக் குடிக்கணும். அந்தப் பாவம் செஞ்சவங்களுக்குத் தெரியும்.

கண்டி டவுன்ல எங்க சின்னக் கம்பெனி, நிரலை மெஷினுக்குப் புரியிற மாதிரி மாத்துற கம்பைலர் ஒன்னு செய்யுது. அதோட மூலக் கோட்ல C:\, D:\ன்னு டிரைவ் எழுத்தோட யாராச்சும் முழுப் பாதை எழுதியிருந்தா நான் கண்டுபிடிக்கணும். அந்தப் பாதை எழுதினவர் மெஷின்ல மட்டும்தான் இருக்கும். வேற மெஷின்ல போட்டா கம்பைலர் படுத்துரும். குண்டசாலை வாடிக்கையாளர்கிட்ட சரியா ஓடினா எனக்கு நிரந்தர வேலைன்னு பேச்சு.

வலீமா ஃபோல்டர்

வேட்டையோட முதல் நாளே திக்குன்னுச்சு. D:\Walima\Photos\lib! கம்பைலருக்கு வேண்டிய ஃபைல்களை எங்க டீம்ல எல்லாருக்கும் அண்ணன் மாதிரியான அக்குறணை ஃபஸ்லான் நானா தன்னோட வலீமா, அதாவது கல்யாண விருந்துப் படங்களுக்குள்ள வச்சிருக்கார். "என்ன நானா இது?"ன்னு கத்தியே விட்டேன். அவர் அசையவே இல்ல.

"மத்த டிரைவ் ஃபுல் தங்கச்சி. என்ட மெஷின்ல நல்லாத்தானே ஓடுது!"

எல்லாருக்கும் பி டிரைவ்

கண்ணால தேடி மாளாதுன்னு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரு எழுத்து, முக்காற்புள்ளி, எந்தப் பக்கம் சாஞ்சாலும் ஒரு சாய்கோடு வரிசையா வந்தா பிடி. ஓட்டினா, ஐயோ, எல்லா ஃபைல்லயும் P டிரைவாம்! அப்புறம் பார்த்தா, வெப் முகவரிகளோட http://ல இருக்கிற p:/ஐப் பிடிச்சிருக்கு. கடுப்புல, // இரட்டைச் சாய்கோடு இருக்கிற வரியையெல்லாம் விட்டுருன்னு மாத்தினேன். மிச்சம் சிக்கின நிஜப் பாதைகளைத் திருத்தினதும் பட்டியல் சுத்தமாகிருச்சு. டீம் லீடர் சிவநேசன் சேர், யாழ்ப்பாணத்தவர், நோயை வருத்தம்னுதான் சொல்வார், தலையைச் சொறிஞ்சார்.

"இவ்வளவு வருத்தமும் ஒரே மருந்தில மாறினா எனக்குப் பயமா இருக்கு பிள்ளை."

குண்டசாலையில

வாடிக்கையாளர் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துறவர். அவர் மெஷின்ல ஓட்டினோம். திரை முழுக்கச் சிவப்பு: C:\Users\Kavitha\Desktop\test இல்லையாம்.

கவிதா நான்தான்! எப்பவோ சோதிச்சுப் பார்க்க நானே எழுதின வரி. பக்கத்துல, கோட்ல குறிப்பு எழுதுற வழக்கப்படி "// பிறகு அழிக்கணும்"னு வேற போட்டிருக்கேன். அந்த இரட்டைச் சாய்கோட்டைப் பார்த்து என் ஸ்கிரிப்டே அதை விட்டுருச்சு. சேர், பையிலிருந்து எடுத்த என் நியமனக் கடிதத்தைத் திரும்பவும் பைக்குள்ளேயே வச்சார். வகுப்புக்காரர் மரியாதையாத்தான் கேட்டார்.

"யாருங்க இந்தக் கவிதா? அவங்க மெஷினையும் சேர்த்துத் தருவீங்களா?"

ஊர்ப் பிழையெல்லாம் பிடிச்ச எனக்கு வேலைதான் நிரந்தரமாகல, ஆனா அன்னையிலிருந்து ஃபஸ்லான் நானா எனக்கும் சேர்த்து டீ போடுறார்.