கைக்கடிகாரத்துக்குத் தெரியாத நாற்பத்தொன்று

போன வியாழக்கிழமை காலை எட்டு மணி. ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் தண்ணீர் டம்ளர். என் மனைவி தனத்தின் முன்னால் போய் நின்றேன்.

"நான் போட்டுட்டேங்க."

"யார் குடுத்தா?"

இடது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். "இதான். எட்டுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கசொல்லவே அதிர்ந்துச்சே!"

தனத்துக்கு வலிப்பு நோய். முப்பத்தொரு வருஷமாக அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவன் நான். பெங்களூரில் இருக்கும் மகள் அனுப்பிய ஒரு கறுப்பு வாட்ச், வந்து எழுபத்து மூன்றே நாளில் என் உத்தியோகத்தைப் பறித்துக்கொண்டுவிட்டது. பொறாமையா என்று கேட்பீர்கள். ஆமாம், பொறாமைதான். வேறு நல்ல பெயர் கிடைக்கவில்லை.

அவள் அதைக் கொஞ்சுவதைப் பார்க்க வேண்டுமே! முந்தானையால் துடைக்கிறாள். குளிக்கப் போகும்போது கழற்றி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கிறாள். என் மூக்குக்கண்ணாடி மூன்று நாளாகத் துணி மூட்டைக்கு அடியில் கிடந்தது... யார் தேடினார்கள்?

கை கால் வெட்டி இழுத்தால் வாட்ச் தானே கண்டுபிடித்து மூன்று பேருக்கு போன் போடுமாம். முதலில் மகள். அடுத்து பக்கத்து வீட்டு செல்வி. மூன்றாவதாக நான்! ஒரே கூரையின் கீழ், பதினோரு அடி தூரத்தில் உட்கார்ந்திருப்பவன் மூன்றாவது.

"ஏன் தனம், என்னைக் கடைசியில போட்ட?"

"சார்ஜ் கொறையுதுன்னு நீங்க போனை ஆஃப் பண்ணி சட்டைப் பையில வெச்சி ஆணியில மாட்டிடுவீங்க. சட்டையா எழுந்து ஓடியாரும்?"

அறுபது சதவீதத்துக்குக் கீழே போனால் எனக்குத் தூக்கம் வராது. அது என் சுபாவம்.

இன்னொன்றும் உண்டு. சாயங்காலமானால் வாட்ச்சோடு இணைத்த அவள் போனில் ஒரு கேள்வி வரும்: 'இன்று எப்படி இருந்தீர்கள்?' கீழே சிரிக்கிற முகம் முதல் அழுகிற முகம் வரை ஐந்து. தனம் ஒன்றைத் தொடுவாள். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். நாலாவதைத் தொட்டிருந்தாள் – அழுகைக்கு ஒன்று முன்னால்.

"ஏன், உடம்பு சரியில்லையா? என்கிட்ட சொல்லலியே?"

"அது கேட்டுச்சு. அதுகிட்ட சொன்னேன்."

நானும் சும்மா இருந்தவன் அல்ல. பாகூர் ஏரியின் நீர்மட்டத்தை அளந்து எழுதியே ஓய்வு பெற்றவன். எண்ணாமல் இருக்கத் தெரியாது. அவளுக்கென்று வருஷத்துக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வலிப்பு வந்தால் 'வ' என்று போட்டு, தேதி, எத்தனை வினாடி என்று எழுதுவேன். கூப்பிட்டும் திரும்பாமல் அவள் முறுக்கிக்கொண்டு நின்றால் அதற்கு 'கோ'. கோபத்துக்கு. அதையும் எண்ணி எழுதுவேன்... எண்ணுவதற்கு வேறு என்ன இருக்கிறது வீட்டில்?

அதே வியாழக்கிழமை எங்கள் ஊர் ஏம்பலத்திலிருந்து பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். தனத்துக்கு ஒரே வேண்டுதல்: காலை மாத்திரையைக் குறைக்க வேண்டும். அதைப் போட்டால் மத்தியானம் வரை தலை மண்மூட்டை மாதிரி கனக்கிறது என்பாள். டாக்டரம்மா போனை வாங்கி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எழுபத்து மூன்று நாளில் வலிப்பு பூஜ்யம்.

"நல்லா இருக்கே! கொஞ்சம் கொறைச்சிப் பார்க்கலாம்."

தனத்தின் முகம் மலர்ந்தது. டாக்டரம்மா வாட்ச்சைப் புகழ ஆரம்பித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. மஞ்சள் பையிலிருந்து நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். "இதையும் பாருங்கம்மா. தை மாசத்துலேருந்து இருக்கு."

பார்த்தார். பக்கம் திருப்பினார். திருப்பிய வேகம் குறைந்தது.

"இந்த 'கோ'ன்னா என்ன சார்?"

"கோபம்மா. கூப்பிட்டா பதிலே வராது. ஒரே இடத்தை முறைச்சுப் பார்ப்பா. வாய்க்குள்ளேயே என்னைத் திட்டுவா."

"திட்டினது காதுல கேட்டுதா?"

யோசித்தேன். கேட்டதில்லை. உதடு மட்டும் அசையும்.

"சார், இதுவும் வலிப்பா இருக்கலாம். கீழ விழாம, கை கால் இழுக்காம வர்றது. இந்த வாட்ச்சுக்கு இழுத்தாதான் தெரியும். சும்மா நின்னா தெரியாது. உங்க நோட்டுலதான் இருக்கு." மாத்திரையைக் குறைக்க எடுத்த பேனாவை மூடினார். "எது நிஜமாவே கோபம், எது இதுன்னு ரெண்டு பேரும் பிரிச்சு எழுதிட்டு அடுத்த வியாழன் வாங்க."

வாட்ச் தோற்றது. நான் ஜெயித்தேன். தனம் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் சொன்னாள்: "எல்லாமே கோவந்தான். அப்பிடியே எழுதிடுங்க."

அப்படி எழுதினால் மாத்திரை குறையும். எனக்கோ எல்லாமே நோயாக இருக்க வேண்டும் என்று ஆசை. நோய் என்றால் அவளுக்கு என்மேல் கோபமே இல்லை என்று ஆகிவிடும் அல்லவா? மனிதனுக்கு எப்படியெல்லாம் ஆசை வருகிறது பாருங்கள்.

"எல்லாமே நோயாவும் இருக்கலாமே..." என்றேன்.

"இருக்கும், இருக்கும்! உங்களுக்கு வசதிதான்."

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்து நோட்டோடு உட்கார்ந்தோம். மொத்தம் நாற்பத்தொன்று.

"மூணாந்தேதி?"

"மோர்ல உப்பு பத்தலன்னு செல்வி எதுருல சொன்னீங்களே. கோவம்."

"ஒன்பது?"

"என் தங்கச்சி பொண்ணு வளைகாப்புக்குத் தனியா போவ வாணாம்னீங்க. கோவம். அதுக்கு இன்னும் நாலு சேத்து எழுதிக்குங்க."

இப்படியே போனது. ஒன்றுகூட அவளுக்கு மறக்கவில்லை.

"பதினாலு. கரண்டியோட நின்ன. நாற்பது வினாடி."

நோட்டிலிருந்து தலையைத் தூக்கினேன். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நீங்க இன்னா சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலியே. சாப்பாடு ஆச்சான்னு கேட்டேன்."

"எனக்கு நெனப்பே இல்லியே..." அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்து, "அடுப்பு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது."

"நீங்க எங்க இருந்தீங்க?"

நாற்காலியில். எண்ணிக்கொண்டு. நாற்பது ஆனதும் நோட்டில் எழுதிவிட்டு, நானும் கோபித்துக்கொண்டு போய்ப் படுத்துக்கொண்டேன். இரண்டு நாள் அவளோடு பேசவும் இல்லை. இதை அப்படியே வாயால் சொன்னேன்.

எதையாவது காரணம் சொல்லி அதையும் கோபத்தில் சேர்த்திருக்கலாம் அவள். யாருக்குத் தெரியப் போகிறது? அவள் கேட்ட மாத்திரைக் குறைப்பு கிடைத்திருக்கும். சேர்க்கவில்லை. "நோயின்னு எழுதுங்க" என்றாள்.

முடிவில் பன்னிரண்டு தேதிகளுக்கு அவளால் காரணம் சொல்ல முடியவில்லை. இருபத்தொன்பதுக்குச் சொன்னாள். விளக்கமாகவே சொன்னாள்.

பன்னிரண்டுக்கு டாக்டரம்மா வழி சொல்வார். இருபத்தொன்பதுக்கு மாத்திரை கிடையாது – அதற்கு நான்தான் ஏதாவது செய்தாக வேண்டும்.