மூன்று இடத்தில் போட்ட ஆர்டர்

கடைகளில் பில் போடும் கையடக்க மெஷின்களைச் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கிறது. அங்கே கொள்முதல் என் பொறுப்பு. ஸ்க்ரூ தீர்ந்துபோனால் பக்கத்துத் தெருவில் வாங்கிவிடலாம். மெமரி சிப் வரவில்லை என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அன்று காலை ஆவடியில் ரயில் ஏறும்போதே தம்பியிடமிருந்து வாட்ஸ்அப். உலகம் முழுக்க சிப் விற்பனை இதுவரை காணாத உயரத்துக்குப் போய்விட்டதாம். அலுவலகத்தில் கம்ப்யூட்டரைத் திறந்தால், எங்களுக்குச் சிப் தரும் விநியோகஸ்தரின் மெயில் காத்திருந்தது. உறுதி செய்த ஆர்டரில் பாதிதான் தர முடியும், அதுவும் எப்போது என்று சொல்வதற்கில்லை, பழைய விலையும் கிடையாது என்று எழுதியிருந்தார்கள். போன் போட்டேன். ஏஐ-க்காக டேட்டா சென்டர் கட்டுகிறவர்கள் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போகிறார்கள் மேடம், உங்களை மாதிரி சின்ன ஆர்டரை யாரும் சீந்துவதில்லை என்றார் எதிர்முனையில் பேசியவர். தம்பி கொண்டாடிய விற்பனையும் எனக்கு வந்த மெயிலும் ஒரே சங்கதிதான் என்று டீ குடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்த மாதிரி நேரத்தில் கொள்முதல் பார்ப்பவர்கள் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். அதே சிப்புக்கு, அதே அளவுக்கு, இன்னும் இரண்டு விநியோகஸ்தர்களிடம் ஆர்டர் போட்டேன். யார் முதலில் தருகிறார்களோ அவர்களிடம் வாங்கிக்கொண்டு மற்றதை ரத்து செய்துவிடுவது எங்கள் வழக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி பட்டாபிராமிலிருந்து பருத்திப்பட்டில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். ஐடி வேலை அவனுக்கு. கோவில்பதாகையில் அப்பா அம்மா இருந்த வீட்டை நாங்கள் விற்றிருந்தோம். அந்தப் பணம் எங்கள் இருவர் பெயரிலும் வங்கியில் கிடந்தது. அதை அப்படியே சிப் பங்குகளில் போட வேண்டும் என்றான். கொரோனா காலத்தில் நடந்ததை நான் அவனுக்குச் சொன்னேன். தட்டுப்பாட்டுக்குப் பயந்து எல்லோரும் வேண்டியதைவிட அதிகமாக வாங்கிக் குவித்தோம். பிறகு குடோன்கள் நிரம்பி, வாங்க ஆளில்லாமல் விலை சரிந்தது. அது வேற, இது வேற என்றான் அவன்.

"உலகமே ஓடிகினு கீது. நீ அம்பத்தூர்ல குந்திகினு வேணாங்கற."

எனக்குச் சுருக்கென்றது. அவன் பாதியைப் பிரித்துக் கொடுக்கச் சம்மதித்தேன். என் பாதி வங்கியிலேயே இருக்கட்டும் என்றேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு சாப்பிடாமல் போனான். அதன்பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை.

கையிருப்புச் சிப்புகள் வேகமாகக் குறைந்தன. பண்டிகைக்கு முன் மெஷின்களை அனுப்பியாக வேண்டும் என்று முதலாளி நெருக்கினார். பூந்தமல்லியில் எலக்ட்ரானிக் சாமான்களை மொத்தமாக வாங்கி விற்கும் ஒரு பாயிடம் போனேன். எங்களுக்கு வேண்டிய சிப் அவரிடம் இருந்தது, மூடிய கம்பெனி ஒன்றிலிருந்து எடுத்த சரக்கு. ஆனால் அவர் எதையும் மறைக்கவில்லை.

"வந்தது வந்த மாதிரி தரேம்மா. உள்ள இன்னா கீதுன்னு எனக்கும் தெரியாது. ஓட்டிப் பாரு. வேலைக்கு ஆவலன்னா திருப்பிக் குடுத்துடு."

கொஞ்சம் மெஷின்களில் அதைப் பொருத்தி ஓடவிட்டோம். காலையில் நன்றாக ஓடின. தகரக் கூரை சூடேறிய பிறகு ஒவ்வொன்றாக நின்றுபோயின. மறுபடி போட்டால் ஓடின, ஆனால் அதுவரை போட்ட பில்கள் அழிந்திருந்தன. அசெம்பிளி லைனைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் அம்மா இரண்டு மெஷின்களைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, கடனில் இருந்தார். இப்போதைக்கு இதையே போட்டு அனுப்பலாம், புகார் வந்தால் மாற்றிக் கொடுத்துவிடலாம் என்றார். கடைக்காரனின் ஒரு நாள் வியாபாரமே காணாமல் போகும் என்றேன். அவர் குரல் ஏறியது. கம்பெனியே இல்லையென்றால் யாருக்கு நல்ல பெயர் வாங்கித் தரப்போகிறாய் என்று கேட்டார். சரக்கு சரி என்று ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் அதை லைனில் ஏற்ற முடியும்.

"சரக்கு சரியா இருக்குன்னு நான் கையெழுத்துப் போடமாட்டேன் சார். போடணும்னா நீங்க போடுங்க."

அவர் பேனாவைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் அதை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு மேஜைமேல் போட்டுவிட்டு, லைனை நிறுத்தச் சொன்னார்.

மதியமே பெண்கள் சாப்பாட்டுப் பைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். எப்போது வரச் சொல்வீர்கள் என்று சூப்பர்வைசர் அம்மா கேட்டார். போன் பண்ணுகிறேன் என்றேன். கேட் வரை கூடப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. பாயிடம் சரக்கைத் திருப்பினோம். முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார்.

லைன் நின்றிருந்த அந்த நாட்களில்தான் ஒரு பெரிய வெளிநாட்டு சிப் கம்பெனி காலாண்டுக் கணக்கை வெளியிட்டது. விற்பனை கூடியிருந்தது, லாபமும் கூடியிருந்தது. ஆனால் அடுத்த காலாண்டுக்கு அவர்கள் சொன்ன எதிர்பார்ப்பு சந்தைக்குப் போதவில்லை. அந்தப் பங்கு விழுந்தது, கூடவே மற்ற சிப் பங்குகளும் விழுந்தன. அன்று சாயங்காலம் தம்பி என் வீட்டு வாசலில் நின்றான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. பொண்டாட்டியிடம் இன்னும் சொல்லவில்லை என்றான்.

"விக்கட்டுமா, வெச்சிருக்கட்டுமாக்கா? தட்டுப்பாடு நெசமாவே இருக்கா? அத மட்டும் சொல்லு."

லைன் நின்றுபோனதை அப்போதுதான் அவனிடம் சொன்னேன். மூன்று இடத்தில் ஆர்டர் போட்டதையும் சொன்னேன்.

"எனக்கு வேண்டியது ஒண்ணு. போட்டது மூணு. என்ன மாதிரி எத்தன பேரு போட்டிருக்காங்கன்னு எனக்குத் தெரியாதுடா."

"அப்போ இந்த விற்பனையெல்லாம் பொய்யா?"

"பொய் இல்ல. டேட்டா சென்டர்காரன் வாங்கறது நெசம். அதுக்கு மேல எங்க பயம் எவ்ளோ கலந்திருக்குன்னுதான் தெரியல."

தோசை வார்த்துக் கொடுத்தேன், சாப்பிட்டான். மகள் படிப்புக்கென்று எடுத்துவைத்திருந்ததையும் இதில் சேர்த்துவிட்டதாகத் தட்டைப் பார்த்தபடியே சொன்னான். அந்த அளவுக்கு மட்டும் மறுநாள் விற்றுவிட்டான், நஷ்டத்தோடுதான். மற்றதை வைத்துக்கொண்டான். மேலும் சில நாள் இறங்கிவிட்டு விலை திரும்ப ஏறியது. விற்காமலே இருந்திருக்கலாம் என்று அவன் என்னிடம் சொல்லவில்லை. நினைத்திருப்பான்.

பண்டிகை முடிந்த பிறகு மூவரில் ஒருவரிடமிருந்து எங்களுக்குச் சிப் வந்தது, கூடுதல் விலைக்கு. எல்லோருக்கும் போன் செய்தேன். இரண்டு பெண்கள் வரவில்லை. திருமுல்லைவாயில் பக்கம் ஒரு தையல் யூனிட்டில் சேர்ந்துவிட்டார்களாம். அவர்கள் இடத்தில் புது ஆட்களுக்குச் சூப்பர்வைசர் அம்மா சாலிடரிங் சொல்லித்தர வேண்டியிருந்தது.

பிறகு மற்ற இரண்டு ஆர்டர்களையும் ரத்து செய்தேன். அந்த இருவரில் ஒருவர் கோபப்பட்டார். இன்னொருவருக்குக் கோபம்கூட வரவில்லை. இந்த வாரம் ரத்து செய்கிற முதல் ஆள் நான் இல்லை என்று மட்டும் சொன்னார். எத்தனை பேர் என்று கேட்டேன். அதைச் சொல்லக் கூடாது மேடம் என்று போனை வைத்துவிட்டார்.

வேலை நேரத்தில் தம்பியைக் கூப்பிடுகிற வழக்கம் எனக்கில்லை. ஆனால் மிச்சப் பங்குகள் இன்னும் அவனிடம்தான் இருந்தன, அன்று கூப்பிட்டேன். மற்றவர்களும் ரத்து செய்கிறார்கள் என்று கேட்டதை அப்படியே சொன்னேன், என் கருத்து எதையும் சேர்க்கவில்லை. சரிக்கா, பார்க்கிறேன் என்றான். பின்னால் அவனை யாரோ மீட்டிங்குக்கு அழைக்கிற குரல் கேட்டது.